டைட்டானியம் அலாய் பார்களும் ஃபோர்ஜ்டு ரிங்குகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைட்டானியம் பார் வாங்குபவர்கள், அதை லேத்தில் ஏற்றுபவர்கள், ரிங் உருட்டும் பட்டறையில் நிற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எஃகில் பழகிய கை டைட்டானியத்துக்கு வரும்போது இடறுவது பெரும்பாலும் சூட்டில்தான். எந்தச் சூட்டில் அடித்தார்கள், எவ்வளவு நேரம் உலையில் கிடந்தது, உலைக்குள் என்ன காற்று இருந்தது என்பதெல்லாம் உலோகத்துக்குள் பதிந்துவிடுகிறது. மேலே பளபளவென்று இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் கீழே உலைப் பேச்சு அதிகம்.

பாருக்கும் பில்லெட்டுக்கும் என்ன வித்தியாசம்?

குறுக்குவெட்டுப் பரப்பு மட்டும்தான். ஏஎஸ்டிஎம் பி348 தரவரையறைப்படி 10,323 சதுர மி.மீ. வரை பார், அதற்கு மேல் பில்லெட். உருண்டையாக இருந்தால் ஏறத்தாழ 114 மி.மீ. விட்டம் எல்லை. ரிங்குகளும் மற்ற ஃபோர்ஜிங்குகளும் ஏஎஸ்டிஎம் பி381-இன் கீழ் வரும். அங்கே கிரேடு 5 என்பது எஃப்-5 என்று எழுதப்படும்.

எந்த கிரேடு எடுப்பது?

வேலை அரிப்பைத் தாங்குவதா, சுமையைத் தாங்குவதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ரசாயன ஆலை, கடல்நீர், வெப்பப் பரிமாற்றி என்றால் கலப்பில்லாத கிரேடு 2 போதும். அதன் குறைந்தபட்ச இழுவிசை வலிமை 345 மெகாபாஸ்கல். சூடான உப்புநீர் கேஸ்கெட் இடுக்குகளில் தேங்கும் இடமென்றால் கிரேடு 7 கேளுங்கள். 0.12 முதல் 0.25 சதவீதம் பல்லேடியம் சேர்த்த அது இடுக்கு அரிப்பை நன்றாகத் தாங்கும். விலை ஏறும், ஆனால் ஃபிளாஞ்ச் முகம் அரித்துப்போய் ஆலையை நிறுத்துவதைவிட அது மேல்.

சுமை தாங்கும் ஷாஃப்ட், போல்ட், சுழலும் ரிங் இவற்றுக்கு கிரேடு 5, அதாவது 6-4 அலாய். அலுமினியம் 5.5 முதல் 6.75 சதவீதம், வனேடியம் 3.5 முதல் 4.5 சதவீதம், அனீல் நிலையில் (சூடாக்கி ஆறவிட்ட நிலையில்) குறைந்தபட்சம் 895 மெகாபாஸ்கல் இழுவிசை, 828 ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு), 10 சதவீத நீட்சி. இதே கலவையில் ஆக்சிஜனை 0.20-இலிருந்து 0.13 சதவீதத்துக்குக் கீழே இறக்கியதுதான் கிரேடு 23. வலிமை கொஞ்சம் குறையும், விரிசலைத் தாங்கும் குணம் கூடும். எஃகுக்குக் கார்பன் எப்படியோ அப்படித்தான் டைட்டானியத்துக்கு ஆக்சிஜன். 0.05 சதவீதம் ஏறினாலே வலிமையும் நொறுங்கும் குணமும் மாறிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "கிரேடு 5 வலுவானது, எனவே ரசாயனத் தொட்டிக்கும் அதையே போடலாம்" என்பது தவறு. அரிப்பைத் தாங்குவதில் அது கிரேடு 2-ஐவிட மேல் கிடையாது. வளைப்பதும் வெல்டு செய்வதும்தான் கடினமாகும்.

இங்காட்டை (உருக்கி வார்த்த கட்டியை) ஏன் இரண்டு மூன்று முறை உருக்குகிறார்கள்?

டைட்டானியம் ஸ்பாஞ்சையும் (பஞ்சு போலத் துளைகள் உள்ள மூல உலோகம்) அலுமினியம்-வனேடியம் மாஸ்டர் அலாயையும் கலந்து பிரஸ்ஸில் அழுத்திக் கட்டியாக்குவார்கள். கட்டிகளை ஆர்கான் சூழலில் வெல்டு செய்து நீண்ட எலெக்ட்ரோடு ஆக்கி, நீரால் குளிர்த்தப்படும் செம்பு மூசையில் வெற்றிட ஆர்க் மூலம் உருக்குவார்கள். முதல் உருக்கில் கலவை சீராக இருக்காது. அந்த இங்காட்டைத் தலைகீழாகத் திருப்பி எலெக்ட்ரோடாக மாட்டி மறுபடி உருக்கும்போதுதான் வேதிக்கலவை மேலிருந்து கீழ்வரை ஒன்றுபடும். பொதுத் தொழிலுக்கு இரண்டு உருக்கு, விமான எஞ்சினின் சுழலும் பாகங்களுக்கு மூன்று.

மூன்றாவது உருக்கு எதற்கு? நைட்ரஜன் மிகுந்த 'கடின ஆல்ஃபா' புள்ளிகளுக்காக. ஸ்பாஞ்ச் தயாரிப்பிலோ வெல்டிலோ காற்று பட்ட சின்னத் துகள் டைட்டானியத்தைவிட உயர்ந்த வெப்பத்தில்தான் உருகும். அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் எக்ஸ்ரே படத்திலும் தெளிவாகத் தெரியாது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சியூ சிட்டியில் டிசி-10 விமானம் விழுந்து 112 பேர் இறந்தார்கள். வால்பகுதி எஞ்சினின் விசிறித் தட்டு உடைந்ததுதான் தொடக்கம். அந்தத் தட்டும் 6-4 அலாய்தான். உருக்கிய நாளிலேயே உள்ளே தங்கிவிட்ட ஒரு கடின ஆல்ஃபா புள்ளியிலிருந்து விரிசல் பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்திருந்தது என்று விசாரணை கண்டது.

இன்னொரு எதிரி கனமான துகள்: லேத்தில் விழுந்த பழைய சுருள்களை உருக்கும்போது அதில் சிக்கியிருக்கும் டங்ஸ்டன் கார்பைடு டூல் சில்லு. நீரால் குளிர்த்தப்படும் 'குளிர் அடுப்பில்' எலெக்ட்ரான் கற்றை அல்லது பிளாஸ்மாவால் உருக்கினால் கனமான சில்லு அடியில் படிந்து அங்கேயே நின்றுவிடும். சுருள் கலந்த இங்காட் என்றால் இந்த வழியில் உருக்கினார்களா என்று கேளுங்கள்.

பீட்டா டிரான்சஸ் என்று சொல்கிறார்களே, அது ஏன் இவ்வளவு முக்கியம்?

டைட்டானியத்துக்கு இரண்டு படிக அமைப்புகள்: குறைந்த சூட்டில் ஆல்ஃபா, அதிகச் சூட்டில் பீட்டா. குறிப்பிட்ட ஒரு வெப்பத்துக்கு மேலே அது முழுக்க பீட்டாவாக மாறிவிடும். அந்த எல்லைதான் பீட்டா டிரான்சஸ். தூய டைட்டானியத்துக்கு 882 டிகிரி செல்சியஸ், 6-4 அலாய்க்கு ஏறத்தாழ 995. ஆனால் 'ஏறத்தாழ' என்பதை நம்பி உலையை வைக்கக் கூடாது. ஆக்சிஜன் கூடினால் இந்த எல்லை ஏறும், இரும்பு கூடினால் இறங்கும். ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒரே உருக்கில் வந்த தொகுதிக்கும்) தனியாக அளந்த எண் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. அதே ஹீட்டிலிருந்து விரல் நுனி அளவுத் துண்டுகள் ஏழெட்டை வெட்டி, ஒன்றை 980, அடுத்ததை 985, அடுத்ததை 990 என்று ஐந்தைந்து டிகிரி இடைவெளியில் சூடேற்றி, எடுத்ததும் தண்ணீரில் போடுவார்கள். மெருகேற்றி அமிலத்தில் எட்ச் செய்து நுண்ணோக்கியில் பார்த்தால், குறைந்த சூட்டுத் துண்டுகளில் வெளிர்நிற ஆல்ஃபா குருணைகள் சிதறிக் கிடக்கும். சூடு ஏற ஏற அவை அருகும். எந்தத் துண்டில் ஒரு குருணைகூட இல்லையோ அதற்கும் அதன் முந்தைய துண்டுக்கும் நடுவில் இருக்கிறது எல்லை.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வது? இங்காட்டை முதலில் உடைப்பது, அதாவது அடித்து முதல் வடிவத்துக்குக் கொண்டுவருவது, எல்லைக்கு மேலே, 1,100 டிகிரியை ஒட்டி. உலோகம் அங்கே மெழுகு போல வளையும், ஆனால் குருணைகள் பெரிதாக வளர்ந்துவிடும். கடைசிக் கட்ட அடி கட்டாயம் எல்லைக்குக் கீழே, ஆல்ஃபா-பீட்டா பகுதியில் விழ வேண்டும். தட்டையான ஆல்ஃபா அடுக்குகள் உடைந்து உருண்டைக் குருணைகளாவது இங்கேதான். சோர்வுச் சுமையை (திரும்பத் திரும்ப விழும் சுமையை) தாங்கும் பலமும் நீட்சியும் இதிலிருந்துதான் வருகின்றன. இந்தப் பகுதியில் குறுக்குவெட்டு குறைந்தது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் அளவுக்கு வேலை கொடுத்தால் நிம்மதி.

ஒரு கணக்கு பாருங்கள். டிரான்சஸ் 996 என்று வந்திருக்கிறது. உங்கள் உலை, உலை வெப்பத்துக்கான தரவரையறை ஏஎம்எஸ் 2750-இன்படி ஐந்தாம் வகுப்பு, அதாவது கூட்டல் கழித்தல் 14 டிகிரி. 955-இல் வைத்தால் உலையின் மிகச் சூடான மூலை 969 வரை போகும். எல்லைக்கு இன்னும் 27 டிகிரி இடம் இருக்கிறது. 'சீக்கிரம் ஓடும்' என்று 975-இல் வைத்தால் மிஞ்சுவது 7 டிகிரிதான். வேகமான ஹாமர் அடியில் உலோகம் உள்ளுக்குள் தானே சூடேறும், அந்தச் சூடு வெளியேறவும் வழியில்லை. நடுப்பகுதி எல்லையைத் தாண்டிவிடும். வெளியே எந்தக் குறியும் தெரியாது. இழுவிசைச் சோதனையில் வலிமை சரியாக இருந்தும் நீட்சி 6, 7 சதவீதத்தில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பார் எந்த வரிசையில் தயாராகிறது?

இங்காட்டின் மேல்தோலைச் சீவி, பிரஸ்ஸில் பீட்டா பகுதியில் உடைத்து, பிறகு ஆல்ஃபா-பீட்டாவில் அடித்து பில்லெட் ஆக்குவது முதல் பாதி. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் மேற்பரப்பு விரிசல்களைக் கிரைண்டரால் தோண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் அடுத்த அடியில் உள்ளே மடங்கிப்போகும். பிறகு ரோலிங் மில்லிலோ ரேடியல் ஃபோர்ஜிங்கிலோ அளவுக்குக் கொண்டுவந்து, அனீல் செய்து, நேராக்கி, தோலை உரித்து அல்லது சென்டர்லெஸ் கிரைண்டிங் செய்து, அல்ட்ராசோனிக் சோதனைக்கு அனுப்புவார்கள்.

நேராக்குவதில் கவனம் வேண்டும். இதன் மீள்மை எண் (விறைப்பின் அளவு) சுமார் 114 கிகாபாஸ்கல், எஃகில் பாதியைவிடச் சற்றே மேல். ஈல்டோ அதிகம். வளைத்தால் வில்லைப் போலத் திரும்பி வரும். குளிர்ந்த நிலையில் வற்புறுத்தி நேராக்கிய பார் பார்வைக்கு நேராக இருக்கும், சாவிப் பள்ளம் ஒன்றை ஒரு பக்கம் வெட்டியதும் வாழைக்காய் போல வளையும். நீளமான ஷாஃப்டுக்கு வாங்கினால், சூடாக நேராக்கியதா, நேராக்கிய பிறகு உள்ளே தங்கிய தகைவைச் சூடாக்கி நீக்கினார்களா என்று கேட்டு வாங்குங்கள். 480 முதல் 650 டிகிரிக்குள் ஒன்று முதல் நான்கு மணி நேரம் வழக்கம்.

ரிங்குக்கு எவ்வளவு எடை பில்லெட் வெட்டுவது?

முடிந்த ரிங் வெளிவிட்டம் 600, உள்விட்டம் 500, உயரம் 100 மி.மீ., கிரேடு 5 என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 4.43 கிராம்.

முடிந்த ரிங்: 0.7854 × (60² − 50²) × 10 = 8,639 கன செ.மீ., அதாவது 38.3 கிலோ.

எல்லா முகத்திலும் 5 மி.மீ. மெஷினிங் அளவு விட்டால் உருட்டிய ரிங் 610 × 490 × 110 ஆகும்: 0.7854 × (61² − 49²) × 11 = 11,404 கன செ.மீ., 50.5 கிலோ.

துளை குத்தும்போது விழும் வில்லை 150 மி.மீ. விட்டம், 30 மி.மீ. கனம் என்றால் 530 கன செ.மீ., 2.35 கிலோ.

உலையில் செதிலாக (மேலே படியும் ஆக்சைடு ஓடாக) போவதற்கும் கிரைண்டிங்குக்கும் 2 சதவீதம் சேர்த்தால் மொத்தம் 54 கிலோ, அதாவது 12,190 கன செ.மீ. 250 மி.மீ. விட்ட பில்லெட்டில் வெட்டினால் நீளம் 248 மி.மீ. உயரமும் விட்டமும் கிட்டத்தட்ட சமம் என்பதால் அப்செட் செய்யும்போது (நிறுத்தி மேலிருந்து அழுத்திக் குட்டையாக்கும்போது) சாயாது. மெல்லிய பில்லெட்டில் உயரம் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டினால் நடுவில் வளைந்துவிடும்.

38 கிலோ ரிங்குக்கு 54 கிலோ என்பது அதிகமாகத் தோன்றும். மெஷினிங் அளவை 2 மி.மீ. ஆக்கி மிச்சம் பிடிக்க ஆசை வரும். ரிங் நீள்வட்டமாக வந்தால் ஒரு பக்கம் டூல் படாமலே போய், கருத்த தோல் மிஞ்சும். அப்போது போவது முழு 54 கிலோவும்.

ரிங் உருட்டும்போது என்னென்ன தவறுகின்றன?

அப்செட் செய்து துளையிட்ட வளையத்தை மறுபடி சூடாக்கி, வெளிப்புற மெயின் ரோலுக்கும் உள்ளே நுழையும் மாண்ட்ரலுக்கும் நடுவில் அழுத்திச் சுற்றுவார்கள். சுவர் மெலிய மெலிய விட்டம் விரியும். மேலும் கீழும் கூம்பு ரோல்கள் உயரத்தைப் பிடித்து வைக்கும்.

முதல் தொல்லை குளிர்வது. டைட்டானியத்தின் வெப்பக் கடத்துத்திறன் சாதாரண எஃகில் ஏழில் ஒரு பங்குதான். குளிர்ந்த ரோலைத் தொட்ட தோல் உடனே சூடிழக்கும், உள்ளே இருக்கும் சூடு அதை ஈடுகட்ட வராது. தோல் 800 டிகிரியை நெருங்கினால் ஓரங்களில் விரிசல் வாய் திறக்கும். ரோல்களை முன்கூட்டியே சூடாக்குங்கள், உலையிலிருந்து மில்லுக்குத் தூக்கும் நேரத்தைச் சுருக்குங்கள், சந்தேகம் வந்தால் நிறுத்தி மறுபடி உலைக்கு அனுப்புங்கள். 'இன்னும் இருபது மில்லிதானே' என்று ஓட்டிய ரிங்குகள்தான் விரிசலோடு திரும்பி வருகின்றன.

இரண்டாவது, மாண்ட்ரல் மெல்ல அழுத்தினால் சுவரின் மேல்தோல்கள் மட்டும் ஓடும், நடு ஓடாது. மேல் கீழ் முகங்களில் மீன்வாய் போன்ற பள்ளம் விழும். எஃகு ரிங்கிலும் இது உண்டு. ஆனால் அங்கே சூட்டோடு அழுத்தத்தைக் கூட்டிச் சரிசெய்ய நேரம் கிடைக்கும், இங்கே கிடைக்காது.

மூன்றாவது, துளை குத்திய உள்விளிம்பின் கிழிசல். உருட்டுவதற்கு முன் அதைக் கிரைண்ட் செய்யாவிட்டால் மாண்ட்ரல் அதை மடித்துத் தேய்த்து மறைத்துவிடும். மெஷினிங்கில்தான் வெளியே தெரியும்.

தடித்த தகட்டிலிருந்து ரிங்கை வெட்டி எடுத்தால் ஆகாதா?

சுமை குறைந்த ஃபிளாஞ்சுக்கு ஆகும். உருட்டிய ரிங்கில் உலோக ஓட்டம் வட்டத்தைச் சுற்றியே போகும். தகட்டில் அது ஒரே திசையில் நீளும், எனவே வட்டத்தில் இரண்டு இடங்களில் சுமை குறுக்காக இழுக்கும். சுழலும் பாகத்துக்கும் அழுத்தக் கலனுக்கும் தகட்டு ரிங்கை ஏற்கக் கூடாது.

ஆல்ஃபா கேஸ் என்பது என்ன? எவ்வளவு சீவினால் போகும்?

சுமார் 550 டிகிரிக்கு மேல் காற்றுபட்டால் ஆக்சிஜன் மேல்தோலுக்குள் ஊறும். ஊறிய அந்தப் படலம்தான் ஆல்ஃபா கேஸ்: கண்ணாடி போலக் கடினம், கண்ணாடி போலவே விரிசல் விடும். செதிலைத் தட்டி எடுத்தாலும் இது கீழே அப்படியே இருக்கும். எத்தனை முறை உலைக்குப் போனது, எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து ஆழம் மாறும். பல சுற்று சூடேறிய ரிங்கில் மி.மீ.யின் பத்தில் சில பங்கு சாதாரணம். பொத்தாம் பொதுவாக ஒரு எண்ணை நம்பாமல், மாதிரித் துண்டின் குறுக்குவெட்டில் விளிம்பிலிருந்து உள்நோக்கி மைக்ரோ கடினத்தன்மை எடுங்கள். எண் எங்கே சமநிலைக்கு வருகிறதோ அதுவரை சீவ வேண்டும்.

சூடேற்றும் முன் கண்ணாடிப் பூச்சு தடவினால் இது குறையும், ரோலில் வழுக்கவும் உதவும். பூச்சு தடவுவதற்கு முன் குளோரின் கலந்த கரைப்பானால் துடைக்காதீர்கள். வியர்வைக் கையின் உப்புகூட உலைச் சூட்டில் அழுத்தத்தோடு சேர்ந்து விரிசல் உண்டாக்கும். சுத்தமான கையுறை கட்டாயம்.

ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது?

உலையிலிருந்தும் அமிலத் தொட்டியிலிருந்தும். காற்று குறைந்து எரியும் எரிவாயு உலையில் ஹைட்ரஜன் மிஞ்சி உலோகத்துக்குள் புகும். சூடேற்றும் சூழல் எப்போதும் லேசாக ஆக்சிஜன் மிகுந்ததாக இருக்கட்டும். செதில் கொஞ்சம் கூடும். செதிலைச் சீவலாம், ஹைட்ரஜனைச் சீவ முடியாது. பிக்ளிங் தொட்டியில் (செதிலைக் கரைக்கும் அமிலத் தொட்டியில்) நைட்ரிக் அமிலம் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். நைட்ரிக் தீர்ந்த தொட்டியில் போட்டால் உலோகம் ஹைட்ரஜனைக் குடிக்கும். கிரேடு 5-க்கு வரம்பு 0.015 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 150 பங்கு. தாண்டிவிட்டால் வெற்றிட உலையில் அனீல் செய்து வெளியேற்றலாம். ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் அப்படி வெளியேற்ற வழியே இல்லை.

அனீல் போதுமா, கரைத்து முதிர்வூட்ட வேண்டுமா?

பெரும்பாலான தொழில் வேலைக்கு அனீல் போதும்: 700 முதல் 785 டிகிரி, ஒன்று முதல் நான்கு மணி நேரம், காற்றில் ஆறவிடுவது. அதிக வலிமை வேண்டுமென்றால் 955 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 540 டிகிரியை ஒட்டி முதிர்வூட்டுவது. உலைக் கதவு திறந்ததிலிருந்து நீரில் மூழ்குவதற்குச் சில விநாடிகள்தான் அவகாசம். கனம் 25 மி.மீ.யைத் தாண்டினால் நடுப்பகுதி வேகமாகக் குளிராது, எதிர்பார்த்த வலிமை அங்கே வராது. 60 மி.மீ. சுவர் கொண்ட ரிங்குக்கு இதைக் கேட்பது காசை நீரில் போடுவதற்குச் சமம்.

அல்ட்ராசோனிக் சோதனையில் எதைக் கேட்க வேண்டும்?

'சோதனை செய்யப்பட்டது' என்ற வரி எதையும் சொல்லாது. மாதிரித் துண்டில் போட்ட எந்த அளவுத் தட்டையடித் துளையை (அடி தட்டையான துளையை) ஒப்பீடாக வைத்தார்கள் என்பதே கேள்வி. 2.0 மி.மீ. துளையை வைத்துத் தேறிய பார் 0.8 மி.மீ. துளை வைத்தால் விழக்கூடும். ரிங்கைச் செவ்வக வெட்டாக இருக்கும்போதே, முகங்களை லேசாகக் கடைந்து எடுத்த பின், வெளிச்சுற்றிலிருந்தும் மேல் முகத்திலிருந்தும் சோதியுங்கள். வளைவும் படிகளும் வெட்டிய பிறகு ஒலிக்கற்றை போகாத மூலைகள் விழுந்துவிடும். திரையில் புல் முளைத்தது போல இரைச்சல் எழுந்தால் கருவியைத் திட்டாதீர்கள், குருணை பெரிதாக இருக்கிறது என்று உலோகம் சொல்கிறது. அதுவே மாதிரியை நுண்ணோக்கியில் பார்க்கக் காரணம்.

கையடக்க எக்ஸ்ரே கருவியில் கிரேடு காட்டினால் நம்பலாமா?

பாதி நம்பலாம். வனேடியம், பல்லேடியம், மாலிப்டினம் எல்லாம் காட்டும். எனவே கிரேடு 2-ஐயும் 5-ஐயும், 2-ஐயும் 7-ஐயும் பிரிக்கும். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் அதற்குத் தெரியாது. ஆகவே கிரேடு 5-ஐயும் 23-ஐயும், 1-ஐயும் 2-ஐயும் பிரிக்கவே முடியாது. அதற்கு வாயுப் பகுப்பாய்வுதான். சான்றிதழ் குறைந்தது ஐரோப்பியத் தரவரையறை ஈஎன் 10204-இன் வகை 3.1 ஆக இருக்கட்டும். அதில் ஹீட் எண், எத்தனை உருக்கு, பீட்டா டிரான்சஸ், சூடேற்றிய வெப்பமும் நேரமும், ஹைட்ரஜன் அளவு ஆகியவை வேண்டும். ஹைட்ரஜன் எண் இங்காட்டில் எடுத்ததா, முடிந்த பொருளில் எடுத்ததா என்று பாருங்கள். இங்காட்டில் எடுத்த எண் பிக்ளிங் தொட்டியைப் பற்றி எதுவும் சொல்லாது.

லேத்தில் ஏற்றும்போது?

கிரேடு 5-க்குக் கார்பைடு டூலில் நிமிடத்துக்கு 40 முதல் 60 மீட்டர், ஃபீட் குறையாமல், கூலன்ட் வெள்ளமாக. முதல் வெட்டு கருத்த தோலுக்குக் கீழே போக வேண்டும், தோலிலேயே உரசினால் டூல் முனை உடனே போய்விடும். நடுவில் நிறுத்தித் தேய்க்கவிடாதீர்கள். மெல்லிய சுருள் தீப்பிடிக்கும். எரியும் டைட்டானியத்தில் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடோ அடித்தால் தீ கூடும். உலோகத் தீக்கான டி வகைத் தூள் அல்லது நன்கு காய்ந்த மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுருளை மாலைதோறும் அள்ளி மூடிய உலோகத் தொட்டியில் போடுங்கள்.

எங்கே டைட்டானியமே கூடாது?

உலர் குளோரின், சிவப்புப் புகை நைட்ரிக் அமிலம், திரவ ஆக்சிஜன், தண்ணீர் கலக்காத மெத்தனால், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். ஈரக் குளோரினுக்கு மிகச் சிறந்த உலோகம் உலர் குளோரினில் பற்றி எரியும். குழாய் ஒன்றுதான், ஈரப்பதம்தான் வித்தியாசம். காட்மியம் பூசிய போல்ட்டும் டைட்டானியத்தோடு சேரக் கூடாது.

வெட்டி மிஞ்சிய பார்த் துண்டை எப்படி வைப்பது?

ஹீட் எண் அடித்த முனையைக் கடைசிவரை வெட்டாதீர்கள், எதிர்முனையிலிருந்தே வெட்டிக்கொண்டு வாருங்கள். அந்த முனையையும் எடுக்க வேண்டி வந்தால், வெட்டுவதற்கு முன்பே எண்ணை மிஞ்சும் பக்கத்தில் மாற்றி அடித்துவிடுங்கள். இரும்புத் தூள் படியும் கிரைண்டர் பக்கம் அடுக்காமல், மரச்சட்டத்தில் கிரேடு வாரியாக வையுங்கள். எண் போன துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பழைய உலோகம் போடும் தொட்டிக்குத்தான்.